அறுபது வாட்

லாண்டட்னோவில் பிப்ரவரி.
கடலைப் பார்த்த விடுதிகளில் பாதிக்குப் பூட்டு.
நெரிஸ் பென்னன்ட் மாவு அப்பிய கையோடு
கதவைத் திறந்தாள்:
"நாலில் ஒன்று செத்துவிட்டது.
மற்ற மூன்றும் நாள் பார்க்கின்றன."

சாப்பாட்டு அறை வாசலில்
முறுக்குக் கயிறு விளிம்பிட்ட பித்தளைத் தகடு,
அதில் நான்கு குமிழ்கள்.
இதே அச்சில் இந்த அறையில் இன்னும் பதினொன்று.
செய்த கம்பெனி இப்போது
குளியலறைக் கொக்கிகள் செய்கிறது.
தகட்டைச் சுற்றி வெட்டி ஒட்டிய சுவர்த்தாளில்
நாரையும் நாணலும்.
தகட்டை மாற்றினால் ஒரு நாரைக்குத் தலை போகும்.
"தகடு இருக்கட்டும், உள்ளே இருப்பதை மாற்று" என்றாள்.

மெயினை அணைத்தேன். இருமுறை சோதித்தேன்.
தகட்டைச் சாய்த்துப் பார்த்தால்
பின்னால் ஓர் ஒண்டுக்குடித்தனம்.

கொண்டுவந்தது எல்இடிக்கென்றே பிறந்த டிம்மர்.
எல்லாத் தகடுகளுக்கும் பொருந்தும் என்றது பெட்டி.
'எல்லா' என்று அச்சடித்தவன்
இந்த வீட்டுக்கு வந்ததில்லை.

தண்டு, துளையைவிட அரை மில்லிமீட்டர் பருமன்.
அரம் எடுத்தேன்.
முழங்காலில் பித்தளைத் தூள் உதிர உதிர
செருப்புக்காகக் காலைச் செதுக்குகிறேனா
காலுக்காகச் செருப்பையா என்று குழம்பினேன்.
நுழைந்தது.
பழைய நட்டு ஏறவில்லை, மரை வேறு.
புது நட்டு ஏறியது, குமிழ் நிற்கவில்லை:
பழைய தண்டு முழு வட்டம்,
இதற்கு ஒரு பக்கம் சப்பை.
நாடாவை ஒரு சுற்றுச் சுற்றி அழுத்தினேன்.

இரண்டாவதை வைக்கப் போனபோதுதான்
இடித்தது,
முதலாவதன் தோள் இதன் விலாவில்.
மூன்றே மில்லிமீட்டர்.
திருப்பி வைத்தேன். தலைகீழாய் வைத்தேன்.
மூன்றே மில்லிமீட்டர்.

"வேலை நடக்கிறதா?" நெரிஸ் எட்டிப் பார்த்தாள்.
நடந்தது நான்தான்,
வேனுக்கும் வாசலுக்கும் ஐந்து தடவை.

வேனின் அடித்தட்டில் ரப்பர் வளையங்களுக்குக் கீழே
பழைய ரகம் நான்கு, ஒல்லிகள்,
யாரோ வேண்டாமென்று திருப்பித் தந்தவை.
துளை, மரை, குமிழ், தோள்:
நாலு பொருத்தமும் கூடிவந்தது.
அரம் தின்ற துளையில் மட்டும்
குமிழ் கொஞ்சம் தலை சாய்த்தது.

மெயின் போட்டேன். எரிந்தன.
குமிழைத் திருப்பி வெளிச்சத்தைக் குறைத்தால்
ஆறு சுவர்விளக்குகளும் கண்ணடிக்கின்றன,
தகட்டுக்குள் குளவி ஒன்று முனகுகிறது.

அறுபது வாட்டுக்குக் கீழே
இந்த ரகம் யாரையும் மதிக்காது.
எல்இடி ஆறு, தலைக்கு நாலு வாட்.
யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஏணியிலேயே உட்கார்ந்திருந்தேன்.
நெரிஸ் பாரா பிரித் இரண்டு துண்டு கொண்டுவந்தாள்.
வெண்ணெய் கல்லாகியிருந்தது, கத்தி வளைந்தது.
"இந்த அறையில் எதுவும் இளகுவதில்லை" என்றாள்.

வெண்ணெயைப் பார்த்தேன்.
விளக்கைப் பார்த்தேன்.

அலமாரிக்குக் கீழிருந்த விளக்கில்
ஒரு எல்இடியைக் கழற்றிவிட்டு
நாற்பது வாட் இழைபல்பு ஒன்றைத் திருகினேன்.
ஐந்து நாலு இருபது. அதோடு நாற்பது.

குளவி அடங்கியது.
குமிழ் இறங்க இறங்க வெளிச்சமும் இறங்கியது,
தூங்கும் குழந்தையிருக்கும் அறையைவிட்டு
ஒருவர் வெளியேறுவதுபோல.

சுற்றுக்கு ஒன்றாய் நான்கு இழைபல்பு.
எல்லாவற்றையும் எல்இடி ஆக்கியாயிற்று என்று
மின்கட்டணத்தை எண்ணி மகிழ்ந்திருந்தவளிடம்
இதைச் சொன்னபோது உதட்டைச் சுழித்தாள்.
பிறகு வெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து
அந்த விளக்குக்கு மேல்தட்டில் வைத்தாள்.

ஈஸ்டருக்குப் பணம் வந்தது, ஒரு துண்டுச் சீட்டோடு:
அலமாரிப் பக்க மேசைக்குப் போட்டியாம்,
வெண்ணெய் அங்கேதான் பூசவருகிறதாம்.

இழை ஒருநாள் அறும்.
அன்றைக்கு அந்த மேசைக்காரர்கள் கத்தி வளைப்பார்கள்,
மிச்ச ஐவரும் கண்ணடிப்பார்கள்,
நெரிஸ் என்னைக் கூப்பிடுவாள்.
வேனில் இன்னும் மூன்று பல்பு இருக்கிறது.